பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கலாமா?

கேள்வி: கனடாவின் வின்ட்சரில் பதினாறு மாத முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டேன். முடித்ததற்கான கடிதம் மே 6 அன்று கைக்கு வந்தது. பட்டமளிப்பு விழா அக்டோபரில்தான். என் படிப்பு அனுமதி ஆகஸ்ட் 31 வரை இருக்கிறது. பட்டத்தை வாங்கிய பிறகு வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தால் போதுமா, அக்கா?
- கும்பகோணத்து வாசகி, வின்ட்சர்

பதில்: வேண்டாம் அம்மா, விழாவுக்காகக் காத்திருக்காதீர்கள். குடிவரவுத் துறை கேட்பது பட்டச் சான்றிதழை அல்ல. படிப்பு முடிந்தது என்ற கடிதத்தையும் மதிப்பெண் பட்டியலையும்தான். மே 6 அன்றே உங்கள் நாள் கணக்கு தொடங்கிவிட்டது.

விண்ணப்பிக்க 180 நாள் உண்டு. அதை நம்பித்தான் பலர் அசந்துவிடுகிறார்கள். படிப்பு முடிந்த 90 நாளில் படிப்பு அனுமதி தானாகவே காலாவதியாகிவிடும். தாளில் என்ன அச்சிட்டிருந்தாலும் உங்கள் கடைசி நாள் ஆகஸ்ட் 4. அதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை முழுநேர வேலை பார்க்கலாம். தவறவிட்டால் வேலை செய்ய முடியாது. கனடாவில் தங்கும் தகுதியை இழப்பீர்கள்; அதை மீட்கத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கில மொழித் தேர்வுக்கு உடனே பதிவு செய்யுங்கள். 2024 நவம்பர் 1 முதல் மொழித் தேர்வு கட்டாயம். பல்கலைக்கழகத்தில் சேர எழுதிய அகாடமிக் தேர்வு இதற்குச் செல்லாது. ஜெனரல் டிரெய்னிங் பிரிவில், கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் 6 வேண்டும்.

உங்கள் முதுநிலைப் படிப்புக்கு மூன்று ஆண்டு அனுமதி கிடைக்கும், பாஸ்போர்ட் அத்தனை நாள் உயிரோடு இருந்தால். நான் கோட்டைவிட்டது இங்கேதான். இரண்டாண்டுப் படிப்பை முடித்து விண்ணப்பித்தபோது என் பாஸ்போர்ட்டில் பதினோரு மாதமே மீதி. அனுமதியும் பதினோரு மாதத்துக்கே வந்தது. என்னைத் தேர்ந்தெடுத்திருந்த நிறுவனம் அந்தத் தேதியைப் பார்த்ததும் கைவிரித்துவிட்டது. பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, மீதிக் காலத்தைக் கேட்டு மறுபடி விண்ணப்பித்துப் பெற்றேன். ஆனால் அந்த வேலை போனது போனதுதான்.

இன்றிரவே பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்றாண்டுக்குக் குறைவாக இருந்தால், டொரன்டோ இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாக இப்போதே புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள்; முடிந்தால் உடனே கொடுங்கள். புதியது வரத் தாமதமானால் பழையதை வைத்தே விண்ணப்பித்துவிடுங்கள். ஆகஸ்ட் 4 மட்டும் தாண்டக் கூடாது.