சிபிஐ கனவுக்கு கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டம் தேவையா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகள் இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. உளவியல், அரசியல் அறிவியல் எடுத்திருக்கிறாள். சிபிஐ-யில் சேர பி.ஏ. கிரிமினல் ஜஸ்டிஸ்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறார்கள். கட்டணம் என் சக்திக்கு மீறியது. கடன் வாங்கிச் சேர்க்கலாமா?

பதில்: சிபிஐ-க்காக என்றால் வேண்டாம்.

சிபிஐ சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். ஏதாவது ஒரு பட்டம் போதும், வயது 20 முதல் 30. டெல்லி போலீஸ் எஸ்.ஐ. ஆவதற்கு சி.பி.ஓ. என்று இன்னொரு தேர்வு. அதற்கும் எந்தப் பட்டமும் செல்லும், ஆனால் வயது 25-ஐத் தாண்டக் கூடாது. பி.காம். படித்த பக்கத்து வீட்டுப் பையனும் உங்கள் மகளும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். சி.பி.ஓ.-வில் பெண்கள் 100 மீட்டரை 18 நொடியிலும் 800 மீட்டரை 4 நிமிடத்திலும் ஓட வேண்டும். இதைப் பல்கலைக்கழக விளம்பரத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். சஞ்சய் ஏரி பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், விடியற்காலையில் அங்கே ஓடச் சொல்லுங்கள். செலவில்லாத பயிற்சி.

ஐ.பி.எஸ். ஆசை இருந்தாலும் கணக்கு மாறாது. யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடப் பட்டியலில் சட்டம், சமூகவியல், உளவியல் எல்லாம் உண்டு, கிரிமினாலஜி கிடையாது.

பிறகு இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. அங்கே ஊருக்கு ஊர் தனிப் போலீஸ் துறை, ஆளை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். 1968-க்குப் பிறகு போலீஸ்காரர்கள் கல்லூரியில் படிக்க மத்திய அரசே பணம் கொடுத்ததால் இந்தப் பட்டம் நாடு முழுக்கப் பரவியது. அந்த ஊர் வீடியோவைப் பார்த்து இங்கே கட்டணம் கட்டினால் எப்படி?

தமிழில் ஒரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. 'குற்றவியல்' என்ற ஒரே சொல்லைக் கிரிமினல் சட்டத்துக்கும் சொல்கிறோம், கிரிமினாலஜிக்கும் சொல்கிறோம். குற்றம் ஏன் நடக்கிறது என்று ஆராய்வது கிரிமினாலஜி. போலீஸ், கோர்ட், சிறை மூன்றும் எப்படி இயங்குகின்றன என்று படிப்பது கிரிமினல் ஜஸ்டிஸ். ரத்தக் கறை, கைரேகை பார்க்கும் தடயவியல் வேறு. அதில் பட்டம் படிக்கப் பள்ளியில் அறிவியல் பிரிவு வேண்டும் என்பதால் உங்கள் மகளுக்கு அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது.

அதற்காகப் படிப்பையே குறைத்துச் சொல்லவில்லை. கிரிமினல் கோர்ட்டில் நிற்கும் வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் படிப்புள்ளவர்கள் எங்களுக்கு மிகவும் வேண்டியவர்கள். திகார் சிறையில் காவல் நிற்கும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறைக்கு உள்ளே இருப்பவர்களின் கதை அவ்வளவாக வெளியே வருவதில்லை. நம் நாட்டுச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் இன்னும் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க ஆளில்லாமல் கிடப்பவர்களும் அதில் உண்டு. அவர்கள் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது, சிறுவர்கள் வழக்கில் வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை எழுதுவது, பாதிக்கப்பட்டவரோடு கோர்ட்டுக்குத் துணையாக வருவது எல்லாம் இந்தப் படிப்பு கைகொடுக்கும் வேலைகள். சம்பளம் சிபிஐ அளவுக்கு வராது.

இங்கேயும் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதி வாரியத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருவார்கள். குழந்தைகள் நலப் பணியில் ஏழு ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், அல்லது துறை வல்லுநராகத் தொழில் செய்பவராக இருந்தால் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் பட்டம் வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம். கிரிமினாலஜி என்ற பெயர் அந்த வரியில் இல்லை.

ஆகவே என் யோசனை: முதல் பட்டம் உளவியலோ சமூகவியலோ இருக்கட்டும். பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுதி டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி கிடைத்தால் கடனே தேவைப்படாது. கிரிமினாலஜியை முதுகலையில் வைத்துக்கொள்ளலாம். 1972-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் இன்று ரோகிணியில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டெல்லி வளாகம், அங்கே கிரிமினாலஜியில் எம்.ஏ. இருக்கிறது. ஊர்ப் பக்கம் போக மனமிருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறைகள் உண்டு. வாதாடும் குணம் உள்ள பெண் என்றால் மூன்றாண்டு எல்எல்.பி. இன்னும் நல்லது. சிபிஐ-யின் அரசு வழக்கறிஞர் பதவிகளுக்குச் சட்டப் பட்டம்தான் கேட்கிறார்கள், ஆக அவள் ஆசைக்கு அப்படியும் ஒரு வழி உண்டு.

தனியார் பல்கலைக்கழகம்தான் என்று அவள் பிடிவாதமாக இருந்தால், பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால் கோர்ட்டில் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழையதை மட்டும் போட்டிருந்தால் நகல் எடுத்து ஒட்டிய பாடத்திட்டம் என்று அர்த்தம். யு.ஜி.சி. அங்கீகாரத்தை அதன் இணையதளத்திலேயே சரிபாருங்கள், அவர்கள் தரும் காகிதத்தை நம்பாதீர்கள்.

இந்தியை இப்போதே கூர்தீட்டச் சொல்லுங்கள். டெல்லியில் எஃப்.ஐ.ஆர். இந்தியில்தான் எழுதுகிறார்கள், உருதுச் சொற்கள் நிறைய வரும். ஜாமீன், கைதி, வக்கீல் என்று நாம் ஏற்கெனவே பாதியைத் தமிழாக்கி வைத்திருப்பதால் மீதி அவ்வளவு கஷ்டமில்லை.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு நாள் அவளை கார்க்கர்டூமா கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள். மயூர் விஹாரிலிருந்து பிங்க் லைன் மெட்ரோ வாசலிலேயே இறக்கிவிடும். ரகசிய விசாரணை தவிர மற்றவற்றை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், போனை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் வாய்தாவிலேயே போய்விடும், இரண்டாம் நாளும் அவசியம் போங்கள்.