பக்கெட் சீட் போட்டால் பெல்ட் பக்கிளை எங்கே மாட்டுவது?

கேள்வி: என் 2013 மாருதி ஸ்விஃப்டில் முன் சீட் இரண்டையும் கழற்றிவிட்டு, சாய்க்கக்கூடிய பக்கெட் சீட் (இரு பக்கமும் மேடு வைத்து உடம்பைப் பிடிக்கும் சீட்) போடப் போகிறேன். புது சீட்டோடு பெல்ட் பக்கிள் (பெல்ட்டின் நாக்கைச் செருகி மாட்டும் பூட்டு) வராதாம். பழைய பக்கிளையே புது சீட்டின் ரெயிலில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? (கோவை வாசகர்)

பதில்: பழைய பக்கிளை எடுத்துப் போடலாம், அதுதான் சரியும்கூட. வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சீட்டுக்கும் நடுவில் உள்ள ஹேண்ட் பிரேக்குக்கும் இடையே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பக்கிள் தரையில் இல்லை, சீட்டின் இரும்புச் சட்டத்தில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. சீட்டை முன்னே பின்னே தள்ளும்போது பக்கிளும் கூடவே நகர்ந்து, பெல்ட் எப்போதும் இடுப்பெலும்பின் மேல் விழவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனாலேயே வண்டி மோதும்போது பக்கிளை இழுக்கும் விசை முழுவதும் சீட் சட்டம், ரெயில், தரை போல்ட்டுகள் என்று இறங்குகிறது. பெல்ட்டின் பிடிமானங்களைச் சோதிக்கும் ஐ.நா. விதி 14-இல் தோள் பட்டை, இடுப்புப் பட்டை ஒவ்வொன்றையும் சுமார் 13,500 நியூட்டன் விசையில் இழுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 1,350 கிலோவுக்கு மேல் தொங்கவிட்ட மாதிரி. பிடிமானம் சீட்டில் இருந்தால், சீட்டின் எடையைப்போல் 20 மடங்கு விசையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடையில் பற்றவைத்த இரும்புத் துண்டை யார் இப்படி இழுத்துப் பார்த்தார்கள்? அதோடு, வெல்டிங் சூட்டில் பக்கிள் தகட்டின் பலம் எவ்வளவு போயிற்று என்று வெளியே தெரியாது.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். உள்பக்கம், பின் கோடியில், பக்கிளுக்கென்றே மரை வெட்டிய தடித்த இடம் சட்டத்தில் இருக்க வேண்டும். அல்லது அந்த சீட் தயாரிப்பாளரே உங்கள் கார் மாடலுக்குத் தரும் பிராக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த சீட் உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

அடுத்தது போல்ட். சீட் பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. நம் ஹார்டுவேர் கடையில் சட்டென்று கிடைப்பது 10 மி.மீ., 12 மி.மீ. தான். முதலாவது தொளதொளவென்று போகும், இரண்டாவதை வம்பாக ஏற்றினால் மரை நாசமாகும். பழைய போல்ட்டையே போடுங்கள், தலை தேய்ந்திருந்தால் கம்பெனி ஸ்பேர் வாங்குங்கள். கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பக்கிள் கொஞ்சம் ஆடிக்கொடுக்கத்தான் அந்த வாஷரும், போல்ட்டின் கழுத்தில் உள்ள தடிப்பும். அவற்றை விட்டுவிட்டு இறுக்கினால் பக்கிள் விறைத்து நிற்கும். மரையில் நீல நிற திரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். "கை பலத்துக்கே நிற்கும் சார்" என்று சொல்லுகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பலர் தவறுவது உயரத்தில். பக்கெட் சீட்டின் பக்கவாட்டு மேடு பருமனாக இருப்பதால், பக்கிள் அதற்குப் பின்னால் புதைந்துவிடும், இல்லையென்றால் பெல்ட் மேட்டின் மேல் ஏறி வயிற்றுக்கு வந்துவிடும். மோதும்போது வயிற்றில் பதியும் பெல்ட் குடலைக் கிழிக்கும். எட்டவில்லையே என்று பக்கிளை நீட்டும் எக்ஸ்டென்ஷன் துண்டு வாங்கி மாட்டினால் பக்கிள் இன்னும் மேலே வரும். சீட்டை முழுக்க முன்னே, முழுக்கப் பின்னே, நடுவில் என்று வைத்து, ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பெல்ட் போட்டுப் பாருங்கள்.

வயர் விஷயம்: டிரைவர் பக்கிளுக்குள் சுவிட்ச் வயர் இருந்தால், பெல்ட் போடாத எச்சரிக்கை விளக்குக்குத்தான் அது. நீளம் போதுமா, ரெயிலில் நசுங்காதா என்று பார்த்தால் போதும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் கதை வேறு. அது ஏர்பேக் அல்லது பிரீடென்ஷனர் (மோதும் நொடியில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் கருவி) சமாசாரம், உள்ளே வெடிமருந்து உண்டு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே தொடவேண்டும். அதை மல்டிமீட்டரில் சோதிக்கக் கூடாது. உங்கள் காரில் சீட்டுக்குள் பக்க ஏர்பேக் கிடையாது, அந்த மட்டில் தப்பித்தீர்கள். அது உள்ள கார்களில் சீட்டை எடுத்துவிட்டு, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க ரெசிஸ்டர் போட்டுத் தருவார்கள். விளக்கு அணையும், ஏர்பேக் வராது.

பழைய சீட்டை மட்டும் உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, பெல்ட் இடுப்பில் சரியாக உட்காரவில்லை என்றால் திரும்ப மாட்ட அது வேண்டும்.