35 மணி நேரம்: எது கணக்கில் சேரும்?

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற்றவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளும் ரிவேலிடேஷன் நடைமுறை குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: திருச்சியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வெளிநாட்டுச் செவிலியர்களுக்கான செய்முறைத் தேர்வான ஆஸ்கியில் தேறி, இங்கே ஒரு மருத்துவமனை வார்டில் பணிபுரிகிறேன். அடுத்த ஆண்டு எனக்கு முதல் ரிவேலிடேஷன். ஆன்லைன் பயிற்சிகளில் 60 மணி நேரத்துக்கும் மேல் சான்றிதழ் சேர்த்து வைத்திருக்கிறேன். 35 மணி நேர விதி நிறைவேறிவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாமா? — வாசகி, லெஸ்டர்

பதில்: இப்போதைக்கு இருக்க முடியாது. நர்சிங் அண்டு மிட்வைஃபரி கவுன்சில், அதாவது நாம் என்எம்சி என்று சொல்லும் செவிலியர் பதிவு அமைப்பு, 2016 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய விதியின்படி, மூன்று ஆண்டுகளில் 35 மணி நேரத் தொடர் கல்வி வேண்டும். அதில் குறைந்தது 20 மணி நேரம் பிறருடன் சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். தனியாகக் கணினி முன் அமர்ந்து, பக்கங்களைப் புரட்டி, இறுதியில் பத்துக் கேள்விகளுக்கு விடையளித்துப் பெற்ற சான்றிதழ்கள் 60 மணி நேரத்துக்கு இருந்தாலும், கட்டாயமான அந்த 20 மணி நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட அவை ஈடுசெய்யா.

பிறருடன் சேர்ந்து கற்பது என்றவுடன் விடுப்பு எடுத்துக்கொண்டு மாநாட்டுக்குப் போக வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தேவையில்லை. ஒரே அறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நீங்கள் கேள்வி கேட்டு, விவாதத்தில் கலந்துகொண்ட நேரலை வெபினார் சேரும். வார்டில் மதிய நேரத்தில் நடக்கும் சிறு வகுப்பு, சக செவிலியர்களுடன் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து விவாதித்த கூட்டம் ஆகியவையும் சேரும். இவற்றையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். எழுதி வைக்காததால்தான் கணக்கில் வராமல் போகின்றன.

உங்கள் 60 மணி நேரத்தையும் ஒருமுறை சலித்துப் பாருங்கள். தீத்தடுப்புப் பயிற்சி போல, பணியிடத்தில் எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயமாக நடத்தப்படுவதும் உங்கள் செவிலியப் பணியோடு நேரடித் தொடர்பில்லாததுமான பயிற்சியைச் சேர்க்கக் கூடாது. கட்டாயப் பயிற்சியாக இருந்தாலும், உங்கள் வார்டு வேலைக்கு இன்றியமையாததாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். என்எம்சியின் பதிவு எண்ணான ‘பின்’ (PIN) கிடைப்பதற்கு முன் ஆஸ்கிக்காக இரவு பகலாகப் படித்த நேரம் எவ்வளவு உண்மையான உழைப்பாக இருந்தாலும் இதில் இடம் பெறாது. பதிவு கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.

குறிப்பு எழுதும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். வார்டுக்கு வந்த புண் பராமரிப்புச் செவிலியர் எட்டுப் பேருக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுக்கிறார் என்று கொள்ளுங்கள். படுக்கைப் புண்ணின் தொடக்கத்தைக் காட்டும் சிவப்பு நிறம் கருமையான தோலில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், குதிகாலையும் இடுப்பின் பின்பகுதியையும் கையால் தொட்டு, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என அவர் காட்டுகிறார். உங்கள் பதிவேட்டில் தேதி, கற்ற முறை, 1.5 மணி நேரம் என்ற அளவு, அது முழுவதும் பிறருடன் கற்றது என்ற விவரம், தலைப்பு, அது உங்கள் வேலையோடு எப்படிப் பொருந்துகிறது என்பது, என்எம்சியின் நெறித் தொகுப்பான ‘கோட்’ நூலில் எந்தப் பகுதியோடு தொடர்புடையது என்பது ஆகியவை இடம்பெற வேண்டும். வருகைப் பதிவின் நகலோ, அமைப்பாளரின் மின்னஞ்சலோ சான்றாக இருந்தால் போதும். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிப் பழகிய நமக்கு இது சற்று வறண்ட வேலையாகத் தோன்றலாம். ஆனால் வகுப்பு முடிந்த அன்றே எழுதினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்ன நிறுவனத்தின் இன்ன பயிற்சியைத்தான் முடிக்க வேண்டும் என்று என்எம்சி வரையறுக்கவில்லை. ஆகவே, ‘ரிவேலிடேஷனுக்குத் தேவையான 35 மணி நேரமும் ஒரே பொதியில்’ என்று விளம்பரம் செய்வோருக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கேள்வி: ஐந்து சிந்தனைக் குறிப்புகள் எழுத வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஆங்கிலத்தில் நீளமாக எழுத வராது. தோழி ஒருத்தி தன்னுடையதை அனுப்பியிருக்கிறாள். சில வரிகளை மாற்றிப் பயன்படுத்தலாமா? — வாசகி, குரோய்டன்

பதில்: வேண்டாம். நேர்மையின்மை என்பது ஒருபுறம் இருக்க, அந்த ஐந்து குறிப்புகளையும் வைத்துக்கொண்டுதான் வேறொரு பதிவு பெற்ற செவிலியருடன் நீங்கள் உரையாட வேண்டியிருக்கிறது. தோழிக்கு நேர்ந்த அனுபவத்தைப் பற்றி அவர் இரண்டாவது கேள்வி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

நீளமாக எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என்எம்சியின் படிவத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன: என்ன நடந்தது அல்லது என்ன கற்றீர்கள், அதிலிருந்து உங்களுக்குத் தெரியவந்தது என்ன, அதன் பிறகு உங்கள் பணியில் எதை மாற்றினீர்கள், அது ‘கோட்’ நூலோடு எப்படித் தொடர்புடையது. முதல் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு மூன்றாவது கேள்விக்கு ‘இன்னும் கவனமாக இருப்பேன்’ என்று ஒரு வரியில் முடிப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. மேலே சொன்ன வகுப்பையே எடுத்துக்கொண்டால், ‘இப்போது ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் கருமையான தோலுள்ள நோயாளிகளின் குதிகாலைத் தொட்டுப் பார்த்துக் குறித்து வைக்கிறேன், ஹேண்ட்ஓவரிலும் அதைச் சொல்கிறேன்’ என்று எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினால், அது பத்து வரி அலங்கார நடையைவிட மேலானது.

இந்தக் குறிப்புகள் நீங்கள் பெற்ற பின்னூட்டங்களை ஒட்டியும் அமையலாம். மூன்று ஆண்டுகளில் ஐந்து பின்னூட்டங்கள் வேண்டும் என்பது தனி விதி. நோயாளியின் மகன் வாய்மொழியாகச் சொன்ன நன்றியும், மாணவச் செவிலியர் சொன்ன கருத்தும், ஏன், ஒரு புகாரும்கூடப் பின்னூட்டம்தான். புகாரைப் பற்றிய குறிப்பில்தான் எழுதுவதற்குப் பொருள் அதிகம் கிடைக்கும் என்பது என் கருத்து.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ‘நான்காம் படுக்கை, 82 வயது, மார்ச் 12 இரவு’ என்று எழுதினால், அந்த வார்டில் வேலை செய்யும் எவருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும். நோயாளி, உறவினர், சக ஊழியர் ஆகிய எவரையும் கண்டுபிடிக்க இடம் தரும் விவரம் எதுவும் இருக்கக் கூடாது.

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் மேனேஜர் செவிலியர் அல்லர். என் கணவரும் பதிவு பெற்ற செவிலியர்தான். சிந்தனைக் குறிப்புகள் பற்றிய உரையாடலையும், நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான உறுதிப்படுத்தலையும் அவரே செய்து தரலாமா? — வாசகி, கோவென்ட்ரி

பதில்: இரண்டும் தனித்தனி நிபந்தனைகள். சிந்தனைக் குறிப்புகள் பற்றிய உரையாடல் என்எம்சி பதிவு உடையவருடன்தான் நடக்க வேண்டும்; ஆகவே உங்கள் மேனேஜரிடம் அது இயலாது. உறுதிப்படுத்தும் கன்ஃபர்மர் உங்கள் மேனேஜராக இருப்பதையே என்எம்சி விரும்புகிறது. அவர் செவிலியராக இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே, உடன் பணிபுரியும் ஒரு செவிலியரிடம் உரையாடலை முடித்து, அவர் கையெழுத்திட்ட படிவத்துடன் மேனேஜரிடம் செல்லுங்கள். கணவரைக் கன்ஃபர்மராக வைத்துக்கொள்ள முடியாது, உரையாடலுக்கும் குடும்பத்தைச் சேராத ஒருவரே நல்லது. உறுதிப்படுத்தல், புதுப்பிப்புக் காலத்தின் கடைசி 12 மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும் என்பதால் அதை முன்கூட்டியே முடித்துவிடவும் முடியாது.

கேள்வி: மகப்பேறு விடுப்பில் ஓராண்டு போய்விட்டது. மூன்று ஆண்டுகளில் செய்திருக்க வேண்டிய 450 மணி நேரப் பணி எனக்கு வருமா? — வாசகி, லீட்ஸ்

பதில்: வரும். வாரம் 37.5 மணி நேர முழுநேர வேலையில் அது 12 வாரங்கள்தான். மூன்று ஆண்டுகளில் விடுப்புக்கு முன்னும் பின்னும் நீங்கள் பணியாற்றிய காலத்தைக் கூட்டினாலே தாண்டிவிடும். பேங்க் (மருத்துவமனையின் சொந்தத் தற்காலிகப் பணியாளர் குழு), ஏஜென்சி ஷிஃப்டுகளையும் சேர்க்கலாம். செவிலியர் என்ற தகுதியைச் சார்ந்திராத உதவியாளர் வேலையை மட்டும் சேர்க்க முடியாது. செவிலியராகவும் மகப்பேறுச் செவிலியராகவும் இரட்டைப் பதிவு வைத்திருப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் 450 என, மொத்தம் 900 மணி நேரம் வேண்டும்.

கேள்வி: என் பதிவு அக்டோபர் 31-ஆம் தேதி முடிகிறது. அந்த மாதக் கடைசி வாரத்தில் விண்ணப்பித்தால் போதும்தானே? — வாசகர், கிளாஸ்கோ

பதில்: அந்தத் தேதிக் கணக்கு உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். பதிவு முடியும் மாதத்தின் முதல் நாள்தான் விண்ணப்ப நாள். உங்களுக்கு அது அக்டோபர் 1. அதற்கு 60 நாள் முன்பே என்எம்சி ஆன்லைன் கணக்கில் விண்ணப்பம் திறந்துவிடும். நோய் போன்ற காரணத்தால் முடியவில்லை என்றால், விண்ணப்ப நாளுக்கு முன்பே என்எம்சியைத் தொடர்புகொண்டு கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். பதிவு காலாவதியாகிவிட்டால் மறு சேர்க்கைக்கு விண்ணப்பித்து வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அதுவரை செவிலியராக ஒரு ஷிஃப்ட்கூடப் பார்க்க முடியாது. ஆண்டுக் கட்டணமும் தனியே செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

விண்ணப்பத்துடன், பதிவேடும் குறிப்புகளும் சான்றுகளும் அடங்கிய உங்கள் கோப்பினை அனுப்ப வேண்டியதில்லை. அதில் உள்ளவற்றைப் பற்றிய உறுதிமொழிதான் கேட்கப்படும். ஆனால் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விவரங்களை என்எம்சி கேட்பது உண்டு. அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், உங்கள்மீது ஏதோ குற்றச்சாட்டு எழுந்துவிட்டதாகக் கலங்க வேண்டாம். அந்தச் சரிபார்ப்பு முடியும்வரை உங்கள் பதிவு நடப்பில்தான் இருக்கும், வழக்கம்போல் வேலைக்குப் போகலாம்.