நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களின் கால்கள்: கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் பல வருடம் உடலியங்கியல் பாடம் நடத்தியவள் நான். நிற்பது, கால் வீக்கம், தலைசுற்றல் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். காலை 10 மணிக்கு நின்றால் இரவு 9 மணி வரை நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் காலில் பள்ளமாகத் தெரிகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. கூட்டம் இல்லாதபோது அசையாமல் நின்றால் காலுக்கு ஓய்வு கிடைக்கும்தானே?

இல்லை அம்மா, காலுக்கு அதுதான் பெரிய பாரம். ஒரு கையைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் புறங்கையைப் பாருங்கள். பச்சைக் குழாய்கள் புடைத்து நிற்கும். அதே கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அமுங்கிவிடும். காலில் நாள் முழுக்க நடப்பது இதுதான். படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை ரத்தம் மார்பிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்.

இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத்தின் எடை கீழே இருக்கும் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை, அழுத்துகிறது. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் வரை ஏறும். நாலு அடி நடந்து பாருங்கள், 30க்கும் கீழே வந்துவிடும். கெண்டைக்கால் சதை சுருங்கும்போதெல்லாம் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பி இறங்க விடுவதில்லை. சதை சும்மா இருந்தால் இந்தப் பம்பும் நின்றுவிடும். அப்புறம் நுண்குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியும். அரை மணி நேரம் அசையாமல் நின்றாலே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இப்படிப் போய்விடும். உங்கள் வார்த் தடத்தைச் சுற்றி உப்பியிருப்பது அந்த நீர்தான். இரவு படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சேலையை மடித்து அடுக்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. இன்னொன்று: கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேரளத்தில் 2018இலேயே வந்தது. ஒரு முக்காலி கேட்பது உங்கள் உரிமை. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் கூட வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதும் பாதத்தை ஆட்டிக்கொண்டிருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. சுகர் உண்டு, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். இடுப்பெலும்பு முறிவது பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. எழுந்ததும் ரத்தம் இறங்குவதைக் கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் கண்டுபிடித்து, இதயத்தை வேகமாகத் துடிக்கச் சொல்லும், குழாய்களை இறுக்கச் சொல்லும். நல்ல வயதில் இது ஒன்றிரண்டு மூச்சில் நடந்துவிடும். வயதானால் இந்த வேலை மந்தமாகும். நாள்பட்ட சுகர் அந்த நரம்புகளையே கெடுக்கும். சில பிரஷர் மாத்திரைகளும், புராஸ்டேட் மாத்திரைகளும் குழாய் இறுகுவதைத் தடுக்கும்.

வீட்டில் பிரஷர் மிஷின் இருந்தால் 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை பாருங்கள். நிற்க வைத்து 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்தக் கணக்கை அவருடைய டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அதுவரை கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். சிறுநீரையும் உட்கார்ந்தே கழிக்கட்டும்.

கேள்வி: பள்ளியில் காலை பிரேயரில் மகள் மயங்கி விழுந்துவிட்டாள். சாப்பிடாததுதான் காரணம் என்கிறார்கள்.

அதுவும் சேர்ந்திருக்கலாம். ஆனால் வெயிலில் அசையாமல் நிற்க வைத்ததை மறந்துவிடக் கூடாது. வெயிலில் தோலின் குழாய்கள் விரிகின்றன, காலில் ரத்தம் தேங்குகிறது, திடீரென இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வருகிறது. விழுந்த பிள்ளையைத் தூக்கி உட்கார வைப்பதுதான் நாம் செய்யும் தவறு. படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் ரத்தம் மூளைக்குத் திரும்பும். இனி கிறுகிறுப்பு வரும்போதே கால்களைப் பின்னித் தொடையை இறுக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் உடனே உட்காரச் சொல்லுங்கள். ஓடும்போது மயங்கினாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ இசிஜி அவசியம்.

கேள்வி: எனக்கு நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

அது நரம்பு இல்லை, சிரை. வால்வு பழுதாகி ரத்தம் கீழே இறங்கித் தேங்குகிறது. ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையை அவர் பரிந்துரைத்தால், காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போங்கள்.

கேள்வி: லேபில் ஹீமோகுளோபின் 12.4. மறுநாள் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிப் படுத்திருந்தபோது 11.6. எது தப்பு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். நின்றபோது கசிந்த நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி அதை நீர்க்க வைக்கிறது. கொலஸ்ட்ரால் அளவும் இதே மாதிரி மாறும். அடுத்த முறை கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு ரத்தம் கொடுங்கள், அப்போதுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும்.