எஃப்.ஐ.ஆரில் வயது 19, மார்க் ஷீட்டில் 17: போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையனின் வீட்டாருக்கு

போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்தது. அப்பா, அம்மா, தாய்மாமா, நடுவில் தலையைக் குனிந்தபடி பையன். காலேஜ் சேர்ந்த புதிதில், 2022 ஆகஸ்டில், பஸ் ஸ்டாப்பில் நடந்த ஒரு அடிதடியில் அவன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1), அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. அப்போது அடிதடி வழக்கு என்றால் சேர்ந்தே வந்த மூன்று பிரிவுகள். வழக்கு இன்னும் வாய்தாவில் ஓடுகிறது. பையனோ இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

"பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். மாமா வாயைத் திறந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அவர் கையில் மூன்று யோசனை இருந்தது. ஒன்று, விண்ணப்பத்தில் "வழக்கு இல்லை" என்று போட்டுவிடுவது, வெரிஃபிகேஷனை ஒரு ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். இரண்டு, கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டி முடித்துவிடுவது. மூன்று, போலீஸே வேண்டாம், டிகிரியை விட்டுவிட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங். "கௌரவமா இருக்கும்ல சார்?"

சார், மூன்றுமே தப்பு.

மறைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். உங்கள் காவல் நிலையத்துக்கே போய் விசாரிக்கப்போகிற வேலை இது, அங்கே இருக்கிற வழக்கை யார் மறைக்க முடியும்? 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சின்ன வழக்குகளில் மறைத்ததை அதிகாரிகள் மன்னிக்கலாம் என்று சொன்னது உண்மைதான், ஆனால் "மன்னிக்கலாம்" என்பதை நம்பிக் கையெழுத்துப் போட முடியாது. ஃபைன் கட்டுவதும் அப்படித்தான். 500 ரூபாயோடு தலைவலி போச்சு என்று தோன்றும், ஆனால் குற்றத்தை ஒத்துக்கொண்டு கட்டினால் அதற்குப் பெயர் தண்டனை. இன்ஜினியரிங் பற்றிப் பையனிடமே கேட்டேன். "கணக்கு பிடிக்காது சார்" என்றான். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் போதும், இவன் ஆறுக்குள் முடிக்கிறானாம். தினமும் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவனை, லட்சக்கணக்கில் கடன் வாங்கி அவனுக்குப் பிடிக்காத வகுப்பில் உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்புறம் தற்செயலாகப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்தேன். பிறந்தது 2004 டிசம்பர். எஃப்.ஐ.ஆர் நகலில் பெயருக்குப் பக்கத்தில் "வயது 19". காலேஜ் பையன் என்றதும் யாரோ குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள். சம்பவ நாளில் அவனுக்குப் 17 வயது 8 மாதம். மூன்று வருடமாக வாய்தாவுக்கு அலைந்திருக்கிறார்கள், இதை ஒருவரும் கவனிக்கவில்லை!

சம்பவ நாளில் 18 முடியவில்லை என்றால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அந்த வழக்கு மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் நடக்கவே கூடாது, 18 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் மேல் வரும் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். இப்போது அவனுக்கு 20 ஆகிவிட்டது என்பது ஒரு தடையே இல்லை. "நான் அப்போது சிறுவன்" என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், தீர்ப்பு வந்த பிறகும்கூட (பிரிவு 9). வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இருந்தால் எலும்புப் பரிசோதனை அது இது என்று அலைய வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆரில் கூட இருக்கிற, 18 தாண்டியவர்களின் வழக்கு அது பாட்டுக்குத் தனியாக நடக்கும். இவன் மேல் இருக்கிற பிரிவுகள் மூன்றுமே 3 வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாதவை என்பதால் சட்டத்தின் கணக்கில் சிறு குற்றம். குழுமத்தின் முன் முதலில் ஆஜரான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். கூடுதலாக 2 மாதம் கொடுக்கலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிந்ததாகிவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் பிரிவு 24. சிறுவனாக இருந்தபோது செய்த குற்றம் நிரூபணமாகி இந்தச் சட்டத்தின்படி முடித்து வைக்கப்பட்டிருந்தாலும், அதனால் எந்தத் தகுதிக் குறைவும் வரக்கூடாது. குறிப்பிட்ட காலம் கழித்து ஆவணங்களையே அழித்துவிட வேண்டும். 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்தில் சிக்கி, பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது கிடையாது. முடிந்துபோன சிறார் வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியே சொல்லவும் கூடாது (பிரிவு 74). இது வெறும் காகிதச் சட்டமும் இல்லை. மத்தியப் படை ஒன்றில் உதவி ஆய்வாளராகத் தேர்வான ஒருவருக்கு, 18 வயதுக்கு முந்தைய வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இந்த வழியை விட்டால் என்ன ஆகும்? தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகள் ரொம்பக் கறார். சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனாலும் "வழக்கில் சம்பந்தப்பட்டவர்" என்றுதான் கணக்கு. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதைச் சரி என்றது. வெரிஃபிகேஷன் சமயத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தத் தேர்வு போச்சு, கௌரவமான விடுதலை (சந்தேகத்தின் பலனில் இல்லாமல், குற்றமே செய்யவில்லை என்று வரும் தீர்ப்பு) வாங்கிக்கொண்டு அடுத்த தேர்வுக்குத்தான் வர வேண்டும். சம்பவ நாளில் 18 தாண்டியிருந்த பிள்ளைகளுக்கு நிலைமை இதுதான். அவர்கள் முதலில் நல்ல வக்கீலைப் பார்க்கட்டும், கோச்சிங் சென்டர் அப்புறம்.

இந்தப் பையனுக்கு வயது வரம்பு 28 வரை, பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அதனால் அவசரப்பட்டு இந்த வருடமே எழுத வேண்டாம் என்றேன். முதலில், சம்பவ நாளில் 18 முடியவில்லை என்று சொல்லி ஒரு வயது மனு. குழுமத்தின் உத்தரவு கைக்கு வந்ததும் சான்றிட்ட நகலாக இரண்டு எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிக் கேட்டால், எண்ணையும் உத்தரவுத் தேதியையும் எழுதி, பிரிவு 24-ஐக் குறிப்பிட்டு, நகலை இணையுங்கள். சிறார் வழக்கைச் சொல்லவே தேவையில்லை என்று வாதாடுகிற வக்கீல்கள் உண்டு, அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் மகன் என்றால் எழுதத்தான் சொல்வேன். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம்.

கிளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கி, ஏஜென்டிடம் ஏற்கெனவே 20,000 ரூபாய் கொடுத்துவிட்டோம் என்றார். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி ஒரு பைசா கொடுக்காதீர்கள், கொடுத்ததை நாளைக்கே போய்க் கேளுங்கள், கேட்கப் போகும்போது பையனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.