ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? விரிவுரையாளர் பணிக்கு அப்பால் வழி தேடும் ஆய்வாளர்களுடன் கேள்வி பதில்

மூன்று ஆய்வகங்களில் 9 ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வாளராக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பின் ஒப்பந்தத்தில் ஆய்வு செய்பவராக, இருந்தேன். கடந்த 11 ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தின் நுண்ணோக்கிக் கூடத்தை நடத்திவருகிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முனைவர் பட்டம் முடித்து 4 ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன். வகுப்பெடுப்பதில் எனக்கு நாட்டமில்லை. ஓய்வுபெறும் வரை ஆய்விலேயே இருக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் அந்தப் பணியிடங்கள் உங்கள் துறையின் விளம்பரப் பலகையில் பெரும்பாலும் தென்படுவதில்லை. கற்பிக்கும் கடமையே இல்லாத முழுநேர ஆய்வுப் பணி ஒரு வகை, பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையமான சி.என்.ஆர்.எஸ். நிறுவனத்தில் போட்டித் தேர்வின் வழியே நிரந்தர ஆய்வாளர்கள் அரசு ஊழியர்களாகவே சேர்க்கப்படுகிறார்கள். பல ஆய்வகங்களுக்கும் பொதுவான கருவிக்கூடங்களை நடத்துவோர், ஆய்வு மென்பொருள் பொறியாளர்கள், ஆய்வுத் தரவைப் பேணுவோர், நல்கை (ஆய்வு நிதியுதவி) விண்ணப்பங்களையும் திட்டங்களையும் நிர்வகிப்போர் ஆகியோரும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

எந்தப் பணியானாலும் பதவியின் பெயரைப் பார்க்கும் முன், ஊதியம் பல்கலைக்கழகத்தின் நிலையான வரவுசெலவிலிருந்து வருகிறதா, ஒரு பேராசிரியரின் திட்ட நிதியிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். ‘முதுநிலை விஞ்ஞானி’ என்ற பெயரோடு திட்ட நிதியில் இருந்த என் நண்பர், அந்த நல்கை புதுப்பிக்கப்படாத மாதத்திலேயே வெளியேற நேர்ந்தது.

கேள்வி: உயிரியல் படித்தேன், ஆனால் நாளெல்லாம் நிரல்தான் எழுதுகிறேன். இதையே தொழிலாகக் கொள்ளலாமா?

பதில்: தாராளமாகக் கொள்ளலாம். ‘ஆய்வு மென்பொருள் பொறியாளர்’ என்ற பெயரே 2012-இல் பிரித்தானியாவில் நடந்த ஒரு பட்டறையில்தான் உருவானது. இன்று பல பல்கலைக்கழகங்களில் அதற்கெனத் தனிக் குழுக்கள் இருக்கின்றன. தேர்வுக்குழுவில் அமர்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: நீங்கள் எழுதிய நிரலை இன்னொருவர் தம் கணினியில் நிறுவி இயக்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்போம். சோதனைகளும் பயன்பாட்டுக் குறிப்பும் சேர்த்து, ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் இட்டு நிலையான அடையாள எண் பெற்றுவிட்டால், பிறர் அதை மேற்கோள் காட்டவும் முடியும்.

கேள்வி: இத்தகைய பணிகளுக்கு எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் தேவை?

பதில்: குறிப்பிட்ட எண்ணிக்கை கிடையாது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லத்தக்க இரண்டு கட்டுரைகள், இடையில் எங்கோ பெயர் வந்த பத்துக் கட்டுரைகளைவிட மேல்.

கேள்வி: என்னிடம் 5 கட்டுரைகள் உள்ளன, ஒன்று தாக்கக் குறியீடு (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) அதிகமுள்ள இதழில் வந்தது. போதுமா?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள். இதழின் தாக்கக் குறியீட்டைக் கொண்டு தனிமனிதரை அளக்கக் கூடாது என்று, ஆய்வு மதிப்பீடு குறித்து 2012-இல் உருவாகி 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமே கேட்டுக்கொண்டது.

கேள்வி: என் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று நிறுவனம் தொடங்க விரும்புகிறேன்.

பதில்: இது என் துறையன்று. உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவை, எதையும் வெளியிடுவதற்கு முன்பே அணுகுங்கள்.

கேள்வி: நான் கோட்பாட்டு இயற்பியல் கற்பிப்பவன். கருவிக்கூடத்துக்குப் போவதையும் ஆய்வுப் பணி என்கிறீர்களே, சொந்தக் கேள்வி இல்லாதவர் எப்படி ஆய்வாளராவார்?

பதில்: ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். செல்களுக்குள் இரு புரதங்கள் சேர்ந்தே இருக்கின்றன என்று ஒரு குழு 7 மாத உழைப்புக்குப் பின் முடிவு செய்திருந்தது. ஒரு புரதத்துக்குப் பச்சைச் சாயம், மற்றதற்குச் சிவப்புச் சாயம்; பச்சையும் சிவப்பும் ஒரே இடத்தில் விழுந்து படம் முழுதும் மஞ்சளாக இருந்தது. பச்சைச் சாயம் மட்டும் ஏற்றிய செல்களைக் கொண்டுவரச் சொல்லி, அதற்குரிய 488 நானோமீட்டர் லேசரை மட்டும் செலுத்தினேன். சிவப்புக்கான உணரியிலும் ஒளி பதிவானது. பச்சையின் ஒளிதான் அங்கே கசிந்துகொண்டிருந்தது. இரு லேசர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்திப் படமெடுத்ததும் மஞ்சள் மறைந்துவிட்டது. அந்தக் குழு தன் கேள்வியையே மாற்றி எழுதியது. இது ஆய்வு இல்லையென்றால் வேறு எது ஆய்வு?

அதே அன்பர்: அது பிழை திருத்தம், கண்டுபிடிப்பு அன்று. சொந்தக் கேள்வியை இழப்பது உங்களுக்கு வருத்தமாக இல்லையா?

பதில்: வருத்தம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் என் பழைய துறையின் கட்டுரைகளைப் படிக்கவே மனம் வரவில்லை. ஆனால் திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும் முதுமுனைவர் ஆய்வாளர் உழைப்பதும் பெரும்பாலும் தம் பேராசிரியரின் கேள்விக்குத்தான். கசிவை அறிந்து நீக்கும் முறைகளே இப்போது என் கேள்வி. 20 ஆய்வகங்களின் மாதிரிகளைப் பார்ப்பவருக்குத்தான் அப்படியொரு கேள்வி எழும். மாணவர்களிடம் ‘அது இரண்டாந்தரப் பணி’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை நம்பி, நல்ல வாய்ப்புகளைத் தவிர்த்து, நாற்பது வயதில் ஒப்பந்தம் முடிந்து நின்றவர்களை நான் அறிவேன்.

கேள்வி: நானும் கருவிக்கூடத்தில்தான் இருக்கிறேன். மேலே கேட்ட இயற்பியல் ஆசிரியர் சொல்வதில் ஓர் உண்மை உண்டு: கட்டுரைகளில் என் பெயர் நன்றியுரையோடு நின்றுவிடுகிறது.

பதில்: மாதிரி மேசைக்கு வரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ‘கிரெடிட்’ என்ற வகைப்பாடு ஆசிரியர்களின் பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கிறது. முறையியல், மென்பொருள், சரிபார்ப்பு ஆகியவை அவற்றில் அடங்கும். பல இதழ்கள் அதைக் கேட்கின்றன. படமெடுக்கும் முறையை வடிவமைத்தவர் நீங்களென்றால் ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்பது உங்கள் உரிமை; பொத்தானை அழுத்தியது மட்டுமென்றால் நன்றியுரை போதும்.

கேள்வி: எனக்கும் 6 கட்டுரைகள் உள்ளன...

பதில்: மூன்றாம் கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு மரபணு வரிசையாக்கக் கூடத்தில் 3 ஆண்டுப் பணி கிடைத்திருக்கிறது. ‘நீட்டிக்கப்படலாம்’ என்கிறார்கள். சேரலாமா?

பதில்: கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? இதற்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சட்டப்படியோ நிறுவன விதிப்படியோ உச்சவரம்பு உண்டா? ஜெர்மனியில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆய்வாளர் மேல்தகுதி பெறும் காலத்துக்கான தற்காலிக ஒப்பந்தம் பொதுவாக முனைவர் பட்டத்துக்கு முன் 6, பின் 6 ஆண்டுகள்தான். மருத்துவத்துக்கு மட்டும் பின்னது 9. உங்களுக்குப் பொருந்தும் விதியை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கேள்விக்கு எழுத்தில் விடை வராவிட்டால் நீட்டிப்பை நம்பாமல், இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள்.