கடலோர சைட்ல ரிஸ்க்: கேட்டவங்களும் நானும்

பாலம், ஜெட்டி (படகுத் துறை), பைலிங் (அஸ்திவாரத் தூண் இறக்குறது) பத்திக் கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன். வாஸ்து வேண்டாம்.

தொண்டி தம்பி: அண்ணே, பாம்பன் பக்கம் பைலிங் சப்-கான்ட்ராக்ட் வருது. ரிஸ்க் லிஸ்ட எதுல ஆரம்பிக்கிறது?

காத்துல ஆரம்பி தம்பி. வாடை அடிச்சா வடகடல் ஆடும், கச்சான் (மேற்குப் பக்கக் காத்து) அடிச்சா தென்கடல் ஆடும், ஆனா ஆபீஸ்ல ஏசில உக்காந்து போட்ட ப்ரோகிராம்ல பன்னெண்டு மாசமும் பார்ஜ் (கிரேன், சாமான் ஏத்துற தட்டைப் படகு) ஒரே மாதிரி ஓடிக்கிட்டிருக்கும். எந்த மாசம் எந்தப் பக்கம் நிக்க முடியாதுன்னு படகுக்காரங்ககிட்ட கேட்டு எழுது. அப்புறம் ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் எதிர்ல ஒரு ஆள் பேரு இருக்கணும். "காத்து அதிகமானால் வேலை நிறுத்தப்படும்"னு எழுதினா ஒருத்தனும் நிறுத்த மாட்டான். பழைய பாம்பன் ரயில் பாலத்துல ரயில் ஓடின காலத்துல, காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தத் தாண்டினா சிக்னல் தானா சிவப்பாயிடும், டிரைவர் யோசிக்க வேண்டியதே இல்லாம இருந்துச்சு. கிரேனுக்கும் அப்படி ஒரு நம்பர், நிறுத்துன்னு சொல்ல ஒரு ஆள்.

கீழக்கரை வாசகர்: போர் தண்ணி உப்புக் கரிக்கல, கான்கிரீட்டுக்கு ஊத்தலாமா?

நாக்க நம்பாதீங்க, லேப்ல குடுங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் (உப்புல இருந்து வந்து கம்பிய அரிக்கிறது) ஐ.எஸ். 456, அதாவது நம்ம நாட்டு கான்கிரீட் விதிப் புத்தகம், சொல்ற எல்லை.

மண்டபம் கான்ட்ராக்டர்: உப்புக்குப் பயந்து பண்றதெல்லாம் தண்டச் செலவு சார். தனுஷ்கோடி சர்ச் சுவர் இன்னைக்கும் நிக்குதே?

அது பவளக்கல் சுவர்ங்க, துருப்பிடிக்க அதுல கம்பி எங்க இருக்கு? உங்க பைல் கேப் (பைல் தலைகளச் சேர்த்து மேல போடுற கான்கிரீட்) ஏத்த இறக்கத் தண்ணியில நனைஞ்சு காயுற இடம், அங்கதான் கம்பி சீக்கிரம் போகும். கான்கிரீட் கிரேடு எம் 40க்குக் குறையாம, கவர் (கம்பிக்கு வெளிய இருக்குற கான்கிரீட் கனம்) 75 மில்லிமீட்டர்.

மண்டபம் கான்ட்ராக்டர்: 75 வெச்சா மேல விரிசல் விடும், தெரியுமா?

தெரியும், நியாயமான கேள்விதான். அதுக்காகக் கவரக் குறைக்காதீங்க, கம்பிய சின்ன சைஸா நெருக்கமாப் போடுங்க, க்யூரிங்க (கான்கிரீட்ட ஈரமா வெச்சிருக்கறத) ஒழுங்காப் பண்ணுங்க. 75னு ட்ராயிங்ல இருக்கும், சைட்ல அந்த இடைவெளிக்கு வெக்கிற கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லித் துண்டச் சொருகுவான், வைப்ரேட்டர் விட்டதும் அது உருண்டு கம்பி ஷட்டர்ல (அச்சுப் பலகையில) போய் ஒட்டிக்கும். கான்கிரீட் வர்றதுக்கு முன்னாடி டேப்ப வெச்சு அளக்குறது யாருன்னு உங்க லிஸ்ட்ல பேரு இருக்கா? 2025ல திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டிருக்காங்க, அவங்களுக்கு மட்டும் காசு கடிக்காதா?

மண்டபம் கான்ட்ராக்டர்: அது கவர்மென்ட் காசு சார்!

சரி விடுங்க, உப்புக்கு அது தெரியாது.

தங்கச்சி ஒருத்தர்: கடலோரம்னா சல்பேட் ரெசிஸ்டன்ட் சிமெண்ட்தானே அண்ணே?

இல்லம்மா. இங்க பெரிய எதிரி குளோரைடு, அதுக்கு ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) தேவலை.

இன்னொருத்தர்: கடலோர ஒழுங்குமுறை மண்டல (சிஆர்இசட்) அனுமதி?

நம்ம ஏரியா இல்ல. அதுக்குன்னு இருக்குற கன்சல்டன்ட்டப் பிடிங்க.

இன்னொருத்தர்: சார், கிணத்துத் தண்ணி ஊத்தலாமா?

மேல படிங்கய்யா! லேப், லேப், லேப்.

தொண்டி தம்பி: அண்ணே, கடைசியா ஒன்னு, பார்ஜ் சும்மா நின்னா வாடகை?

அதத்தான் முதல்ல கேட்டிருக்கணும் நீ. காத்துக்காக நிக்கிற நாளுக்கு வாடகை யார் தலையிலன்னு அக்ரிமென்ட்ல தேடு. இல்லேன்னா கையெழுத்துப் போடாத.